கடலோடு வந்த மாப்பிள்ளைகள்



ஆப்பிரிக்காவின் பழைய ஊர்களில் சுற்றியதைப் பற்றியும் அங்குள்ள கட்டடங்களைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டம் அது. மாலி நாட்டின் ஜென்னேயில் ஆண்டுதோறும் ஊரே திரண்டு சேறு பூசிப் புதுப்பிக்கிற மண் பள்ளிவாசல் நிற்கிறது. எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து தேவாலயங்களை எடுத்திருக்கிறார்கள். லிபியப் பாலைவனத்துக் கதாமிஸில் வெயிலுக்கு அஞ்சித் தெருக்களுக்கே கூரை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மாலைப்பொழுது வேண்டும். நான் இன்று கிழக்குக் கரையோடு நின்றுகொள்கிறேன்.

சோமாலியாவின் மொகதீஷுவிலிருந்து மொசாம்பிக்கின் சொஃபாலா வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளும் சுவாஹிலிக் கரை அது. லாமு, பாத்தே, மாலிந்தி, மொம்பாசா, சான்சிபார், கில்வா என்று கடலை ஒட்டியும் தீவுகளிலும் வரிசையாக ஊர்கள். கடல் தந்த கல்லால் எழுந்த ஊர்கள். அவற்றைக் கட்டியது யார் என்பதில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடக்கிறது. ஆவணங்களைவிட வீடுகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதே மேல் என்பது என் கட்சி.

முதலில் கல்லைச் சொல்ல வேண்டும். ராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் முருகைக்கல் என்கிறார்களே, அந்தப் பவளப்பாறைதான். 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் சொரசொரப்பு தெரியும். சுவாஹிலிக் கரையில் இதில் இரண்டு வகை உண்டு. எந்தக் காலத்திலோ கடல் விலகி நிலமாகிப்போன பழைய பாறை ஒரு வகை. கடினமானது, சொன்னபடி உடையாது. சுவரின் உடம்பு முழுக்க அதுதான். மற்றது, கடலுக்கடியில் இன்னும் உயிரோடு இருக்கிற போரைட்டிஸ் என்னும் பவள இனத்திலிருந்து வெட்டி எடுப்பது. எடுத்த ஈரத்தோடு செதுக்கினால் உளிக்கு இடம் கொடுக்கும், காய்ந்துவிட்டால் இறுகிவிடும். வாசல் நிலை, பள்ளிவாசலில் மக்காவை நோக்கிய மிஹ்ராப் மாடம், கல்லறையின் விளிம்பு என்று நுணுக்கம் வேண்டிய இடங்களுக்கெல்லாம் இந்தக் கல். முங்கி வெட்டுகிறவனும் செதுக்குகிறவனும் ஒருவர் வேலையை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். நீர் வற்றும் நேரம், பாறை இருக்கும் ஆழம், கல் இறுகும் வேகம் எல்லாம் கணக்கில் வரும். அது அந்தக் கரையிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களின் கணக்கு.

அடுத்தது சுண்ணாம்பு. விறகை வட்டமாக அடுக்கி, அதன்மேல் முருகைக்கல்லைக் குவித்துத் தீ வைக்கிறார்கள். தனியாகக் காளவாய்ச் சுவர் எழுப்புவதில்லை. குவியலே காளவாய். வெந்து தணிந்ததைத் தண்ணீர்விட்டு நீற்றி, மாதக் கணக்கில் கிடக்கவிட்டு, பிறகுதான் சாந்துக்கு எடுப்பார்கள். நல்ல பூச்சுக்கு அந்தப் பொறுமை வேண்டும்.

கூரையில்தான் இந்த ஊர்களின் உண்மையான சட்டம் எழுதியிருக்கிறது. லாமு தீவைச் சுற்றியும் தெற்கே ருஃபிஜி ஆற்றின் கழிமுகத்திலும் கண்டல் காடுகள் உண்டு. அந்த மரத்தின் கழிக்குப் போரிட்டி என்று பெயர். இரண்டு சுவர்களுக்கு இடையே போரிட்டிகளை நெருக்கமாகப் பரப்பி, மேலே கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கனத்த மெத்தை போடுவார்கள். அந்தப் பாரத்தைத் தாங்குகிற கழிக்கு ஓர் எல்லை உண்டு. அதனால் அறையின் அகலம் இரண்டரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குள் நின்றுவிடும். நீளத்துக்குத் தடையில்லை. சுவாஹிலி வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம் முதலில் தட்டுப்படுவது இந்த வடிவம்: குறுகலான, நீண்ட அறைகள், ஒன்றன்பின் ஒன்றாக. செல்வந்தர் வீடானாலும் அகலம் அதேதான். அவர் செய்யக்கூடியது, இன்னோர் அறையைப் பின்னால் சேர்ப்பது மட்டுமே.

இந்தக் கழிகள் பாய்மரக் கப்பலில் அரேபியாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் நூற்றாண்டுகளாக ஏற்றுமதி ஆயின. மரமில்லாத அந்தக் கரைகளில் எழுந்த வீடுகளின் அறை அகலத்தையும் இந்த ஆப்பிரிக்கக் கழியே முடிவு செய்தது. கட்டடக் கலை முழுவதும் அரேபியாவிலிருந்து கப்பலேறி வந்தது என்று எழுதியவர்கள், அதே கப்பல்கள் திரும்பும்போது என்ன ஏற்றிப்போயின என்று பார்த்திருக்கலாம்.

அப்படி எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கென்யாவில் மாலிந்திக்குத் தெற்கே காட்டுக்குள் கெடி என்று ஒரு பாழ்பட்ட ஊர் இருக்கிறது. 2024இல்தான் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. 1948இல் அங்கே அகழத் தொடங்கிய ஜேம்ஸ் கர்க்மன், மரவேர்களுக்கு அடியிலிருந்து தெருக்களையும் கிணறுகளையும் கழிவறைகளையும் பெரிய பள்ளிவாசலையும் வெளியே கொண்டுவந்தார். எந்த வீட்டில் என்ன கிடைத்ததோ அதையே அந்த வீட்டுக்குப் பெயராக வைத்தார்: சீனக் கிண்ண வீடு, கத்தரிக்கோல் வீடு, இரும்பு விளக்கு வீடு. இந்தப் பெயர் வைக்கும் முறை எனக்குப் பிடிக்கும். அரசன், தளபதி என்று யாரையும் கற்பனை செய்துகொள்ளாமல், அந்த வீட்டில் யாரோ தொலைத்த கத்தரிக்கோலுக்கு மரியாதை செய்கிறது. ஆனால் ஊரைக் கட்டியவர்கள் யார் என்று வந்தபோது கர்க்மன், அவருக்குப் பின் கில்வாவைத் தோண்டிய நெவில் சிட்டிக் போன்றவர்கள், கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் பண்பாடு என்றே பார்த்தார்கள். ஆப்பிரிக்க மண்ணில் அராபியரும் பாரசீகரும் நட்டுவைத்த ஊர்கள் என்று பொருள்.

அந்தக் காலத்துக் காற்று அப்படி. கரையிலிருந்து உள்ளே போனால் மகா சிம்பாப்வேயின் கற்சுவர்கள். அவற்றை எழுப்பியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று 1905இல் ராண்டல் மக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அகழ்ந்து சொன்ன பிறகும், அன்று ரொடீஷியா எனப்பட்ட அந்த நாட்டின் வெள்ளையர் அரசு அதை ஒப்புக்கொள்ள மறுத்தது. அங்கே தொல்சின்னங்களுக்கு ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக், இந்தப் பொய்க்கு உடன்படாமல் 1970இல் பதவியை விட்டு நாட்டையும் விட்டுப் போனார். அதற்கு நான்கு ஆண்டு முன்பு அவர் வெளியிட்டிருந்த நூல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் தொடக்ககால இஸ்லாமியக் கட்டடக் கலையைப் பற்றியது. நிலை, மாடம், தூண், வளைவு என்று ஒவ்வொன்றாக அளந்து வரைந்த நூல். இரண்டு வழக்குகளிலும் உழைத்தவர் அவர்.

கரையைப் பொறுத்தவரை வழக்கைத் திருப்பியது பாத்தே தீவிலுள்ள ஷங்கா. 1980களில் மார்க் ஹார்ட்டன் அங்கே இடிந்து கிடந்த கல் பள்ளிவாசலின் தரைக்குக் கீழே தோண்டினார். அதற்கு அடியில் இன்னொரு பள்ளிவாசல். அதற்கும் அடியில் இன்னொன்று. ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இறங்கிக்கொண்டே போய், கடைசியில் கிடைத்தது கம்பு நட்ட குழிகள். மரத்தாலான ஒரு சிறிய தொழுகையிடம், 8ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. மரம் மண்ணாகி, மண் கடற்பவளமாகி, பவளம் பெரிய கட்டடமாகிற படிகள் அங்கே இடைவெளி இல்லாமல் இருந்தன. வீடுகளும் அப்படியே. மண்சுவர் வீடுகள் நின்ற கோட்டின் மேலேயே 14ஆம் நூற்றாண்டில் கல் வீடுகள் எழுந்திருக்கின்றன. வெளியிலிருந்து வந்த ஒரு கூட்டம் காலியிடத்தில் புது ஊரை இறக்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காது.

ஷங்கா இன்று புதரும் கல்லும் தான். போய்ப் பார்க்கிறவருக்குப் படம் எடுக்க அதிகம் ஒன்றும் கிடையாது. இந்தக் கரையின் வரலாற்றில் அதைவிட முக்கியமான இடம் எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் கில்வாவுக்குப் போவோம். தான்சானியாவின் தெற்கில் கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தீவு. சிம்பாப்வே மேட்டுநிலத்துத் தங்கம் சொஃபாலா வழியாக வெளியே போவதைக் கைக்குள் வைத்திருந்த ஊர். பயணி இபின் பதூதா 1331இல் இங்கே வந்தார். உலகின் அழகிய ஊர்களில் ஒன்று, நேர்த்தியாகக் கட்டப்பட்டது என்று புகழ்ந்தார். மக்களில் பெரும்பாலோர் கரிய நிறத்தவர், முகத்தில் கீறல் அடையாளம் உள்ளவர்கள் என்றும் எழுதினார். கட்டடங்கள் மரத்தாலானவை, கூரைகள் புல்லால் வேய்ந்தவை என்பதும் அவர் குறிப்பில் வருகிறது. கல் பள்ளிவாசலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இப்படி எழுதினாரே என்று அறிஞர்கள் நெடுநாள் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு அதில் புதிர் தெரியவில்லை. கெய்ரோவையும் டமாஸ்கஸையும் பார்த்துவிட்டு வந்த மனிதர், பெரும்பகுதி மரமும் கீற்றுமாக இருந்த ஊரை அழகிய ஊர் என்று சொன்னார். கல் இருந்தால்தான் நகரம் என்ற எண்ணம் நம்முடையது. அவருக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் சந்தித்த சுல்தான் அல்-ஹசன் இபின் சுலைமான் இளமையில் ஏடனில் தங்கியவர், ஹஜ் செய்தவர். கொடை வள்ளல் என்று பெயரெடுத்தவர். ஊருக்குக் கிழக்கே கடலைப் பார்த்த மேட்டில் அவர் எழுப்பிய ஹுசுனி குப்வா அரண்மனையில் நூற்றுக்கு மேற்பட்ட அறைகள், சரக்கு வைக்கும் பெரிய முற்றம், எண்கோண வடிவில் ஒரு குளியல் குளம். வெளியுலகில் கண்டதையெல்லாம் ஒரே இடத்தில் கட்டிப் பார்க்கிற ஆசை அதில் தெரிகிறது. அது முழுமையாக முடியவே இல்லை. அதுபோல் இன்னொன்று இந்தக் கரையில் எழவும் இல்லை. ஊர்ப் பெரிய பள்ளிவாசலை அதே காலத்தில் விரித்தார்கள். ஒற்றைப் பவளக்கல்லில் கடைந்த தூண்கள் பாரம் தாங்காமல் போக, 15ஆம் நூற்றாண்டில் கல்லடுக்கித் தூண்கள் எழுப்பிக் குவிமாடங்களைத் திரும்பக் கட்டினார்கள். அந்தப் பள்ளிவாசல் இன்றும் உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும்படி இருக்கிறது. இடிந்ததை எப்படித் திருத்துவது என்று தெரிந்த கொத்தனார்கள் ஊரில் இருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வெளியிலிருந்து வந்த கருத்துகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்றும் அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் வந்தவர்கள் யாருமே இல்லையா? இருந்தார்கள். இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது. சுவாஹிலிக் கரையின் மக்களே தங்கள் முன்னோர் பாரசீகத்தின் ஷிராஸிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கில்வாவின் பழைய வரலாற்று ஏடு அப்படித்தான் தொடங்குகிறது. 1970களுக்குப் பிறகு வந்த ஆய்வாளர்கள் பலர் இதைப் பெருமைக்குச் சேர்த்துக்கொண்ட கதை என்று ஒதுக்கினார்கள். குடியேற்ற ஆட்சிக்காலப் பொய்யோடு சேர்த்து இதையும் தூக்கிப்போட்டார்கள். 2023இல் நேச்சர் இதழில் ஒரு மரபணு ஆய்வு வந்தது. கி.பி. 1250க்கும் 1800க்கும் இடையே இந்த ஊர்களில் வாழ்ந்து புதைக்கப்பட்ட 80 பேரின் எலும்புகளிலிருந்து எடுத்தது. பலருடைய உடலில் ஆப்பிரிக்க மரபும் ஆசிய மரபும் கலந்திருந்தன. ஆசியப் பங்கில் பெரும்பகுதி பாரசீகம், சிறுபகுதி இந்தியா. கலப்பு தொடங்கியது ஏறத்தாழ கி.பி. 1000இல். தாய்வழி வருவது அனேகமாக முழுக்க ஆப்பிரிக்கா. தந்தைவழி வருவது பெரும்பாலும் தென்மேற்கு ஆசியா. அதாவது ஷிராஸ் கதையைச் சொன்ன பாட்டன்மார் புளுகவில்லை.

ஆனால் ஷங்காவில் மரத் தொழுகையிடம் எழுந்து இருநூறு ஆண்டுகள் ஆனபிறகுதான் அந்த மாப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஊர் இருந்தது, பள்ளிவாசல் இருந்தது, கல் வேலை தொடங்கியிருந்தது. வந்த ஆண்களின் பேரப்பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினார்கள். சுவாஹிலியில் அரபுச் சொற்கள் நிறைய உண்டு, இலக்கணமோ பாண்டு மொழிக் குடும்பத்தினுடையது. எலும்பு சொல்வது போதாது, வந்தவன் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தான் என்று வீட்டைக் கேட்க வேண்டும்.

லாமுவில் கேட்கலாம். 2001இல் உலக மரபுச் சின்னமான அந்தத் தீவு நகரத்தில் இன்று நிற்கும் நல்ல வீடுகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சந்துகள் மிகக் குறுகல். எதிரே சுமையோடு கழுதை வந்தால் நாம்தான் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அது ஒதுங்காது. தெருவைப் பார்த்த சுவர் வெறுமையாக இருக்கும். செதுக்கிய கதவு, அதன் முன்னால் இருபுறமும் கல் திண்ணை. ஆண்களின் பேச்சும் வணிகமும் அந்தத் திண்ணையோடு. கதவைத் திறந்தால் நேராக உள்ளே பார்க்க முடியாதபடி வழி திரும்பும். பிறகு முற்றம். முற்றத்தைத் தாண்டி நான் சொன்ன நீண்ட அறைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி உயர்ந்து, ஒளி குறைந்து, அலங்காரம் கூடி. கடைசியாக இருக்கும் உள்ளறையின் சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சிறு மாடங்கள், சுண்ணாம்புப் பூச்சில் செதுக்கியவை. சீனப் பீங்கான்களும் வேதப் புத்தகமும் அங்கே. வீட்டின் செல்வமும் அழகும் தெருவுக்குக் காட்டப்படுவதில்லை. அவை பெண்கள் இருக்கும் ஆழத்தில் இருக்கின்றன. பிள்ளை பிறப்பதும் இறந்தவரைக் கழுவுவதும் அதற்கும் பின்னால்.

வெளியூர் வணிகனுக்கு ஏற்பாடு வேறு. திண்ணைப் பக்கமிருந்தே தனிப் படிக்கட்டு ஏறி மேலே போகும் விருந்தினர் அறை. குடும்பத்தைத் தொடாமல் அவன் வந்து போகலாம். வாரக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில். டிசம்பர் வாக்கில் வடகிழக்குக் காற்று கப்பலை அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விடும். திரும்பக் கொண்டுபோகும் தென்மேற்குக் காற்று ஏப்ரலில்தான். இடைப்பட்ட காலம் முழுக்க அவனுக்குத் தங்க இடம் வேண்டும், சரக்குக்குக் காவல் வேண்டும், உள்நாட்டிலிருந்து தந்தமும் தங்கமும் கொண்டுவருகிறவர்களோடு பேச ஆள் வேண்டும், கடனுக்கு நம்பிக்கை வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே வழி அந்த வீட்டுப் பெண்ணை மணப்பது. மேல்மாடி அறையிலிருந்து உள்ளறைக்குப் போகிற வழி அதுதான்.

போனால் யாருடைய வீட்டுக்குப் போகிறான்? லாமுவின் பழைய கல்வீட்டுக் குடும்பங்களில் மகளுக்குத் திருமணம் என்றால் தகப்பன் அவளுக்கு வீடு கொடுப்பார். கணவன் அங்கே வந்து சேருவான். மகன்கள் தங்கள் மனைவியரின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இடம் இல்லாவிட்டால் தகப்பன் தன் வீட்டின் மேலேயே ஒரு தளம் எழுப்புவார், அல்லது சந்துக்குக் குறுக்கே பாலம்போல் ஓர் அறையைப் போட்டு எதிர்ப்பக்கம் இணைப்பார். லாமுவின் சந்துகளில் நடக்கும்போது தலைக்கு மேலே அடிக்கடி கடந்துபோகும் அந்த அறைகளை நிழலுக்காகக் கட்டியவை என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. நிழல் கிடைக்கிறது, உண்மைதான். தாயும் மகளும் தெருவில் இறங்காமல் ஒருவர் வீட்டிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போவதற்கும் அவை வழிசெய்கின்றன. ஊரின் வரைபடத்தை வரைந்தது மகள்களின் கல்யாணம்.

இந்த வழக்கம் கி.பி. 1000இலேயே இருந்ததா என்றால் அகழ்வாராய்ச்சி சொல்லாது. வழக்கத்தைத் தோண்டி எடுக்க முடியாது. ஆனால் கெடியிலும், கில்வாவுக்குத் தெற்கே 14ஆம் நூற்றாண்டில் எழுந்த சோங்கோ ம்னாராவிலும் இடிந்து நிற்கும் வீடுகளில் இதே ஒழுங்குதான்: திண்ணை, முற்றம், ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும் அறைகள். மரபணுவில் தாய் இந்த மண்ணாகவும் தகப்பன் கடலாகவும் இருப்பதையும் இந்த வீட்டு ஒழுங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை இது: வந்தவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். நம்மிடையே அந்தச் சொல்லில் கொஞ்சம் இளக்காரம் உண்டு. அந்தக் கரையில் கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு இல்லை.

இதைக் கேட்டு இந்த அவையில் காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் இருந்தால் சிரிப்பார்கள். அங்கேயும் வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு. காயலில் பெண்கள் மட்டும் புழங்கும் முடுக்குகள் வீடுகளுக்கு இடையே ஓடுகின்றன. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடியிலும் வீடு பெண்ணுக்கே சீதனம். அரபிக் கப்பல்கள் காற்றுக்குக் காத்துக் கிடந்த துறைகள் இவை. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே காற்றும் ஒரே காத்திருப்பும் ஒரேமாதிரி வீடுகளைக் கேட்டிருக்கின்றன.

கில்வாவில் வாய்மொழியாக வழங்கி, 1900 வாக்கில் சுவாஹிலியில் எழுதிவைக்கப்பட்ட கதையிலும் மாப்பிள்ளை வருகிறான். பாரசீகத்திலிருந்து வந்தவன் தீவின் தலைவருடைய மகளை மணக்கிறான். மணந்தபின், மாமனாரும் மருமகனும் ஒரே ஊரில் இருப்பது தகாது, அவர் எதிர்க்கரைக்குப் போகட்டும் என்று மனைவியிடம் சொல்லி அனுப்புகிறான். துணி விரித்தால் போகிறேன் என்கிறார் அவர். விரிக்கிறான். அவரும் துணியை எடுத்துக்கொண்டு போகிறார். பிறகு மனம் மாறிப் படையோடு திரும்பப் பார்க்கிறார். அந்தக் காலத்தில் நீர் வற்றும்போது நடந்தே கடக்கலாமாம். மருமகன் குர்ஆன் ஓதி அந்தக் கால்வாயை ஆழமாக்கிவிடுகிறான். கதை சொன்னவர்களுக்கு மாப்பிள்ளை மேல் பெருமையா, மாமனார் மேல் இரக்கமா என்று பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கும். அவர்கள் இருவருக்கும் வாரிசுகள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, கடற்கரையில் எல்லோரும் சம்பந்திகளாகக் கூடி வாழ்ந்தார்கள் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். லாமுவில் கல்லில் வீடு கட்டும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. பழங்குடும்பத்தாருக்கே அது. நகரின் வடபாதி ம்கொமானி, கல். தென்பாதி லங்கோனி, மண்சுவரும் தென்னங்கீற்றும். கல் வீட்டுக்குள்ளும் கீழ்த்தளம் சரக்குக்கும் அடிமைகளுக்கும், மேல்தளம் குடும்பத்துக்கு. கடலில் முங்கிப் பவளக்கல் எடுத்தது யார், சுண்ணாம்புக்கு விறகு சுமந்தது யார் என்று கேட்டால் கதவின் சித்திர வேலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது.

சான்சிபாரில் இது இன்னும் பட்டவர்த்தனம். பயணிகள் அதிகம் போவது அங்கேதான். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். கல் நகரம் என்று அழைக்கப்படும் அதன் பழைய பகுதி பார்வைக்குத் தோன்றுமளவு பழையதில்லை. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. ஓமானின் சுல்தான் சையித் சயீத் 1840 வாக்கில் தலைநகரை மஸ்கட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார். கிராம்புத் தோட்டங்கள், அவற்றில் அடிமைகள். இங்கே வந்தவன் மாப்பிள்ளையாக வரவில்லை, ஆள வந்தான். சுங்க வசூலைக் குத்தகைக்கு எடுத்து, வியாபாரத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் நம்மவர்கள். கட்ச் பகுதியிலிருந்து வந்த ஜெய்ராம் சிவ்ஜியின் நிறுவனம் அதில் பெரிய பெயர். அடிமை வணிகத்தின் பணத்தில் இந்தியக் கையும் இருந்தது. பயணிகள் படமெடுத்துத் தள்ளும் கதவுகளில் நேரான உத்தரம் உள்ளவை பழைய பாணி, மேலே அரைவட்டமாக வளைந்தவை பிற்காலத்து இந்தியச் சாயல் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். அந்தக் கதவுகளோடு அவற்றுக்குப் பணம் வந்த கணக்குப் புத்தகத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தையின் இடத்தில் ஆங்கிலிகன் தேவாலயம் நிற்கிறது. அதுவும் முருகைக்கல்தான்.

இந்தக் கட்டடங்கள் எப்படிச் சாகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முருகைக்கல் சுவருக்குத் தண்ணீர்தான் எமன். மேலே மெத்தை கசிந்தால் போரிட்டியின் முனை உளுத்துப்போகும். சுவருக்குள் ஈரம் இறங்கினால் சாந்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சு இருக்கும்வரை சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அவசரத்துக்குச் சிமென்ட் பூசினால் உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு, வெளியே பளபளவென்று இருக்கும் சுவர் உள்ளே மாவாகும். சான்சிபாரின் அதிசய மாளிகை 1883இல் சுல்தான் பர்காஷ் கட்டியது. வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் அகன்ற தாழ்வாரங்களோடு கடலைப் பார்த்து நின்றது. பல ஆண்டுகள் சீர்கெட்டுக் கிடந்தபின் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2020 டிசம்பர் 25 அன்று அதன் முன்பகுதி இடிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். கில்வாவின் பாழிடங்கள் 2004இல் ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலுக்குப் போய், பழுது பார்த்து, 2014இல் அதிலிருந்து மீண்டன. ஆளில்லாத பாழிடத்தைக் காப்பது ஒரு விதத்தில் எளிது. குடியிருக்கிற வீட்டைக் காப்பதுதான் கடினம்.

லாமுவில் இப்போது தெரிவது அந்தக் கடினம்தான். மகள் வீடு, மகளின் மகள் வீடு என்று வந்த சொத்துக்குப் பங்காளிகள் பெருகிவிட்டார்கள். மெத்தையைத் திரும்பப் போட ஒரு குடும்பத்தால் முடிவதில்லை. விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் ஐரோப்பியர்கள். அவர்களில் கொஞ்சப் பேர் ஆண்டில் சில வாரம் வந்து தங்குகிறார்கள், மற்றவர்கள் விருந்தினர் விடுதியாக்குகிறார்கள். மேல்மாடியில் வெளியூரானுக்கு ஒதுக்கிய தனி அறை இருந்த வீட்டில் இன்று எல்லா அறைகளும் வெளியூராருக்கே. விற்ற குடும்பத்தின் மகள்கள் ஊருக்கு வெளியே சிமென்ட் கட்டி அடுக்கிய வீடுகளுக்குப் போகிறார்கள். அந்த அறைகளின் அகலத்தை எந்தக் கழியும் முடிவு செய்வதில்லை. இதைச் சொல்லி அந்நியரைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் சிமென்ட் வேண்டாம், பழைய பூச்சே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். உள்ளறையின் மாடங்களை மறுபடி செதுக்கச் சொல்கிறார்கள், அதற்குக் கூலியும் கொடுக்கிறார்கள். லாமுவில் சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கொத்தனார்கள் பலருக்கு இன்று வேலை வருவது அந்த வீடுகளிலிருந்துதான்.